ஆரணித் தறியும் ஆண்டவருக்குச் செய்த பொருத்தனையும்



ஆஸ்பத்திரி வராந்தாவில் பிறக்கிற பொருத்தனைகளுக்குக் கணக்கில்லை. ஆபரேஷன் அறையின் கதவு மூடினவுடனே வெளியே நிற்கிறவர் கண்ணீரோடு ஆண்டவருக்கு ஏதோ ஒன்றை நேர்ந்துகொள்ளுகிறார். நோயாளி சுகமாகி வீடு போய்ச் சேர்ந்த பிறகு வட்டியும், பள்ளிக்கூடச் சம்பளமும், மளிகைக் கடைப் பாக்கியும் வரிசையாக வந்து நிற்கின்றன. பொருத்தனை பின்னுக்குப் போய்விடுகிறது. அவருடைய விசுவாசம் குறைந்துபோயிற்று என்று நாம் சொல்லிவிடக்கூடாது. பயம் போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்தக் காரியத்தை ஆரணிப் பட்டு நெசவாளருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கூலிக்கு நெய்கிறவர் பட்டையும் ஜரிகையையும் முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ நிறுத்து வாங்கிவருகிறார். நெய்து முடித்த சேலையும் நிறுத்துத்தான் எடுத்துக்கொள்ளப்படும். தறியில் இருப்பது அவருடைய உழைப்பு, ஆனால் பட்டு அவருடையதல்ல. பாவு ஏற்றின அன்றைக்கு வீட்டில் இருந்த உற்சாகம் பத்தாம் நாள் இருக்காது. என்றாலும் அன்றன்றைக்குரிய முழத்தை அவர் நெய்துதான் ஆகவேண்டும்.

நம்முடைய வட்டாரத்திலேயே இப்படி நிறைவேறின ஒரு வாக்கு உண்டு. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கின ஆற்காடு மிஷனின் பழைய நிலையங்களில் ஆரணியும் ஒன்று. அந்தச் சகோதரரின் தம்பி மகள்தான் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர். மிஷனெரியாக வாழ அவருக்கு விருப்பமே இல்லை. 1890-ல், நோயுற்ற தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் ஒரு பிராமணரும், ஒரு முஸ்லிமும், வேறொரு இந்துவும், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். டாக்டரான தகப்பனார் வரத் தயாராயிருந்தும், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப்போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஜெபத்தில் போராடின ஐடா, வைத்தியம் படித்துத் திரும்பிவருவேன் என்று பெற்றோரிடம் அறிவித்தார்.

இதில் நாம் சாதாரணமாகச் சொல்லாமல் விடுவது காலக்கணக்கை. அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895-ல்; பட்டம் பெற்றது 1899-ல்; இந்தியாவுக்குத் திரும்பினது 1900-ல். கூட இருந்து பழக்குவார் என்று நம்பியிருந்த தகப்பனார் அதே வருஷத்தில் இறந்துபோனார். ஆனாலும் 1902-ல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் ஆரம்பமாயிற்று. சொன்னது ஒரு காலையில். செய்தது 1960-ல் அவர் மரிக்கும்வரைக்கும்.

நம்முடைய பொருத்தனைகள் இவ்வளவு பெரியவை அல்ல. உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைக்கிற பிடி அரிசி, மாதச் சம்பளத்தில் தசமபாகம், அறுப்பின் பண்டிகைக்கு ஒரு கோழி, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காக ஒப்புக்கொண்ட பொறுப்பு, இவ்வளவே. சிறியவை என்பதால்தான் இவை சீக்கிரம் மறந்தும் போகின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பொருத்தனை நம்முடையதிலிருந்து செய்யப்படவேண்டும். தறியில் உட்காருகிறவர் ஒருவர் என்றாலும், தார் சுற்றுகிறவர் மனைவி. அவளைக் கேளாமல் அந்தக் கூலியில் ஒரு பங்கை நேர்ந்துகொண்டால் அவளுடைய உழைப்பையும் சேர்த்து நேர்ந்துகொண்டதாகும். அன்னாள் சாமுவேலை ஆலயத்துக்குக் கொடுத்த காரியத்தில் எல்க்கானாவின் சம்மதமும் இருந்தது. தேவனுக்கென்று காணிக்கையாக்கிவிட்டோம் என்று சொல்லித் தாய் தகப்பனைப் பட்டினி போட்டவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே, காணிக்கை கேட்கிற நாங்களே வெளிப்படையாகச் சொல்லுகிறோம்: வயதான தாயாரின் மருந்துப் பணம் எங்களுக்கு வேண்டாம்.

நேர்ந்துகொண்டபின் கைக்குறைவு வந்தால் என்ன செய்வது? விசைத்தறி பெருகினபின் கைத்தறி வீடுகளில் இந்தக் கேள்வி சகஜம். லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தில், இருபது முதல் அறுபது வயதுவரை உள்ள ஆணுக்கு ஐம்பது சேக்கல் என்று மதிப்பு குறித்த அதே இடத்தில், அதைச் செலுத்தத் திராணியில்லாத ஏழைக்கு அவனுடைய நிலைமைக்குத் தக்கதாக ஆசாரியன் மதிப்பிடும்படி சொல்லியிருக்கிறது. அந்த ஏழை ஒளிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்கிறான். வெட்கப்பட்டு ஆராதனைக்கே வராமல் நின்றுவிடுகிறவர்கள் உங்கள் ஆயரிடம் ஒருதரம் பேசுங்கள். மருத்துவமனைக்கென்று நேர்ந்துகொண்டவர்கள் எங்களுக்கு ஒரு கார்டு எழுதினால் போதும். தொகையைக் குறைத்துக்கொள்ளுகிறேன் என்று வருகிற கடிதமும் இங்கே ஜெபத்தோடேதான் வாசிக்கப்படும்.