எஃகு மலை மிதிவண்டிச் சட்டகம்

எஃகு மலை மிதிவண்டிச் சட்டகம் என்பது கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென எஃகுக் குழாய்களை இணைத்துச் செய்யப்படும் மிதிவண்டி உடற்கூடு ஆகும். தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் இது ஃபிரேம் என்றே அழைக்கப்படுகிறது. முன்புறம் மட்டும் அதிர்வடக்கி கொண்டு, பின்புறம் அசையும் மூட்டு ஏதுமின்றி அமைந்த வகை ஹார்ட்டெயில் எனப்படும். முன், பின் இரண்டிலும் அதிர்வடக்கி உள்ள வகையை விட இது எளிமையானது. விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு.

சங்கிலி, பற்சக்கரம், டயர், பிரேக் கட்டை ஆகியவை தேய்ந்து மாற்றப்படுபவை. சட்டகம் பல ஆண்டுகள் நிலைத்திருப்பது. உதிரிபாகங்களைப் பின்னர் மேம்படுத்திக்கொள்ளலாம். அளவு பொருந்தாத சட்டகத்தைத் திருத்த இயலாது. எனவே குறைந்த செலவில் வண்டி அமைத்துக்கொள்ள விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது சட்டகமே. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியின் நிலப்பரப்பையும் பற்றவைப்புத் தொழிலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனைத் தேர்வு செய்யும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

சட்டகத்தின் பாகங்கள்

சட்டகம் ஏறத்தாழ இரண்டு முக்கோணங்களால் ஆனது. முன் முக்கோணத்தில் மேல்குழாய், கீழ்க்குழாய், இருக்கைக் குழாய் ஆகியவை உள்ளன. மேல்குழாயும் கீழ்க்குழாயும் முன்னால் சேருமிடத்தில் உள்ள குட்டையான குழாய் தலைக்குழாய் ஆகும். இதனுள் ஃபோர்க் எனப்படும் முன் கவையின் தண்டு சுழல்கிறது. பின் முக்கோணம் இருபுறமும் செல்லும் மெல்லிய குழாய்களால் ஆனது. அவற்றின் முனையில் பின்சக்கர அச்சைத் தாங்கும் பிடிகள் உள்ளன. கிராங்க் சுழலும் அச்சு, கீழ்க்குழாயும் இருக்கைக் குழாயும் சேருமிடத்தில் உள்ள மிதியச்சுக் கூட்டில் பொருத்தப்படுகிறது.

வரலாறு

இருமுனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமைந்த எஃகுக் குழாய்க்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மில்வர்ட் ரேனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்றார். பற்றவைக்கும் முனைகளில் வலிமையும், நடுவில் எடைக் குறைவும் இதனால் கிடைத்தன. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற 531 வகை மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய் 1935இல் வெளிவந்தது.

மலை மிதிவண்டி 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டியின் மலைச்சரிவுகளில் உருவானது. பழைய எஃகு வண்டிகளை அங்குள்ள இளைஞர்கள் மாற்றியமைத்து ஓட்டினர். ஜோ பிரீஸ் 1977இல் இப்பயன்பாட்டிற்கென்றே குரோமியம்-மாலிப்டினம் எஃகில் சட்டகம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. இத்தொடக்ககால வண்டிகளின் சட்டகங்கள் எஃகினால் ஆனவை. பின் அதிர்வடக்கி அற்றவை.

தமிழ்நாட்டில் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த அம்பத்தூரில் இதன் ஆலை அமைந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் ஆகியவை இதன் வணிகப் பெயர்கள். ஆவடியில் 1955இல் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற குழாய் ஆலையும் நிறுவப்பட்டது. இவ்வாறு எஃகுக் குழாயும் எஃகு மிதிவண்டியும் தமிழ்நாட்டிலேயே செய்யப்படும் பொருட்களாயின.

எஃகின் வகைகள்

மலிவான சட்டகங்களில் இரு வகை எஃகு பயன்படுகிறது.

1. ஹை-டென்சைல் எனக் குறிக்கப்படும் கரிம எஃகு. பெயர் உயர் வலிமையைக் குறித்தாலும், இது எளிய எஃகு வகையே. வலிமை குறைவாதலால் குழாயின் சுவர் தடிப்பாக இருத்தல் வேண்டும், எடை கூடும்.

2. குரோமோலி எனப்படும் குரோமியம்-மாலிப்டினம் எஃகு. பரவலாகப் பயன்படும் 4130 வகையில் 0.28-0.33% கரிமம், 0.8-1.1% குரோமியம், 0.15-0.25% மாலிப்டினம் உள்ளன. இதன் இழுவலிமை ஏறத்தாழ 670 மெகாபாஸ்கல். எளிய கரிம எஃகின் இழுவலிமை ஏறத்தாழ 400 மெகாபாஸ்கல்.

விறைப்பு வேறு, வலிமை வேறு என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. எல்லா எஃகு வகைகளின் யங் குணகமும் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் ஆகும். ஆகவே ஒரே விட்டமும் ஒரே தடிப்பும் உள்ள இரு குழாய்களில், மலிவான எஃகும் குரோமோலியும் சம அளவே வளையும். குரோமோலியின் பயன், உடையாமலும் நிரந்தரமாக வளையாமலும் சுவரை மெல்லியதாக்க முடிவதில் உள்ளது. தடித்த சுவருடன் செய்யப்பட்ட குரோமோலிச் சட்டகம் எடையளவில் மலிவான சட்டகத்தை விடச் சிறந்ததன்று.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு; அதன் யங் குணகமும் அவ்வாறே மூன்றில் ஒரு பங்கு. எனவே அலுமினியச் சட்டகங்களில் குழாய்கள் பருமனாக அமைக்கப்படுகின்றன. எஃகிற்கு மற்றொரு சிறப்பு உண்டு. குறிப்பிட்ட அளவிற்குக் கீழ்ப்பட்ட தகைவை எத்தனை முறை தாங்கினாலும் அது சோர்வடைந்து முறிவதில்லை. அலுமினியத்திற்கு இத்தகைய எல்லை இல்லை.

எடை வேறுபாட்டை மிகைப்படுத்திப் பார்த்தல் ஆகாது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 14 கிலோ வண்டியை ஓட்டும்போது, சட்டகத்தின் எடையில் 700 கிராம் குறைந்தால் மொத்த எடையில் குறைவது 1 விழுக்காட்டிற்கும் கீழேயாகும்.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் தேவைகள்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த தீவு. மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கிழக்கே கல்லணை அருகே இரு ஆறுகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் சமதளம். ஆற்றங்கரைப் பாதைகளில் மணல், வண்டல் மண், கல் ஆகியவை மாறிமாறி வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேறும் உண்டு. திருச்சிராப்பள்ளி நகருடன் தீவை இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. கோயிலைச் சுற்றிய உத்திர வீதி, சித்திரை வீதி ஆகியவற்றில் மக்கள் நெரிசலுக்கிடையே மெதுவாகவே செல்ல இயலும். உண்மையான மலைப்பாதைக்கு வடக்கே துறையூரை அடுத்த பச்சைமலைக்கோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையுடைய கொல்லிமலைக்கோ செல்ல வேண்டும்.

வார நாட்களில் கல்லூரிக்கும் பணிக்கும், விடுமுறையில் கரைப்பாதைக்கும், எப்போதேனும் மலைக்கும் ஒரே வண்டியைப் பயன்படுத்துவோருக்குச் செங்குத்தான மலையிறக்கத்திற்கென வடிவமைத்த சட்டகம் பொருந்தாது. அகன்ற டயருக்கு இடமும், சுமைதாங்கி, மட்கார்டு ஆகியவற்றிற்குத் திருகுத் துளைகளும் உள்ள எளிய ஹார்ட்டெயில் போதுமானது.

தேர்வின்போது கவனிக்க வேண்டியவை

அளவு: முதலில் பார்க்க வேண்டியது இதுவே. சாதாரண மிதிவண்டிகளில் 22, 24 அங்குலம் என்று சொல்லப்படும் சட்டக அளவுகளை மலை மிதிவண்டிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. மலை மிதிவண்டியில் மேல்குழாய் சரிந்திருப்பதால் இருக்கைக் குழாய் குட்டையாக இருக்கும்; 165-175 செ.மீ. உயரமுள்ளவர்க்குப் பெரும்பாலும் 17 அங்குல அளவு பொருந்துகிறது. மேல்குழாயின் இருபுறமும் கால்களை ஊன்றி நிற்கும்போது உடலுக்கும் குழாய்க்கும் இடையே சில செ.மீ. இடைவெளி இருத்தல் வேண்டும். நின்ற நிலையில் கைகள் இயல்பாக ஹேண்டில் பாரை எட்டுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

தலைக்குழாயின் கோணம்: தரைக்கு 64-66 பாகை சாய்ந்த தலைக்குழாய் வேகமான இறக்கத்தில் நிலைத்தன்மை தரும், மெதுவாகச் செல்லும்போது முன்சக்கரம் இருபுறமும் தள்ளாடும். நெரிசலான வீதிகளுக்கும் சமதளத்திற்கும் 68-70 பாகை ஏற்றது.

முன் கவை: ஒவ்வொரு சட்டகமும் குறிப்பிட்ட நீளக் கவைக்கென வடிவமைக்கப்படுகிறது. அதைவிட 20 மி.மீ. நீளமான கவையைப் பொருத்தினால் கோணம் ஏறத்தாழ 1 பாகை சாய்ந்துவிடும். தலைக்குழாயின் இணைப்பில் விழும் சுமையும் கூடும். விலை குறைந்த சுருள்வில் கவைகள் எடை மிக்கவை. சமதளப் பயன்பாட்டிற்கு, அதே நீளமுள்ள அசையாத எஃகுக் கவை மலிவான மாற்றாகும்.

தலைக்குழாயின் விட்டம்: 44 மி.மீ. உள்விட்டமுள்ள தலைக்குழாயில், உரிய தாங்கிகளைக் கொண்டு நேரான தண்டையும் கீழே பருத்த தண்டையும் பொருத்தலாம். 34 மி.மீ. உள்விட்டமுள்ள பழைய வகை, நேரான 28.6 மி.மீ. தண்டை மட்டுமே ஏற்கும்.

மிதியச்சுக் கூடு: 68 அல்லது 73 மி.மீ. அகலமும் திருகு மரையும் கொண்ட கூடே பராமரிப்பிற்கு எளியது. இம்மரை பி.எஸ்.ஏ. மரை எனப்படுகிறது; பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் பெயரால் வந்தது. இதில் சங்கிலிப் பக்கத்து மரை இடஞ்சுழியாகும். இதனை அறியாமல் வலுவாகத் திருகினால் மரை அழிந்து சட்டகமே பயனற்றுப் போகலாம்.

சக்கர அளவு: அங்குலக் கணக்கு குழப்பம் தருவது. மலை மிதிவண்டியின் 26 அங்குலச் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 559 மி.மீ.; 27.5 அங்குலத்தில் 584. 29 அங்குலத்தில் 622. சாதாரண மிதிவண்டியின் 28 அங்குலச் சக்கரத்திலோ 635 மி.மீ. ஆகும். இந்த மில்லிமீட்டர் எண் டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

பின் அச்சும் பிரேக்கும்: 135 மி.மீ. அகலப் பின் அச்சிற்கு மலிவான ஹப்கள் எளிதில் கிடைக்கின்றன. மணலும் சேறும் கலந்த பாதையில் விளிம்பைப் பிடிக்கும் பிரேக் சக்கர விளிம்பையே தேய்த்துவிடும். எனவே டிஸ்க் பிரேக் பொருத்தும் பிடியுள்ள சட்டகம் விரும்பத்தக்கது.

ஒட்டுவில்லை: குரோமோலி என்று ஒட்டப்பட்டிருந்தாலும் சில சட்டகங்களில் முன் முக்கோணமோ ஒரே ஒரு குழாயோ மட்டும் அவ்வகை எஃகினால் ஆனதாக இருக்கும். இருக்கைக் குழாயின் வெளிவிட்டத்திலிருந்து இருக்கைத் தண்டின் விட்டத்தைக் கழித்து, இரண்டால் வகுத்தால் சுவரின் தடிப்பு ஏறத்தாழத் தெரியும். 28.6 மி.மீ. குழாயில் 27.2 மி.மீ. தண்டு பொருந்தினால் தடிப்பு 0.7 மி.மீ.; 25.4 மி.மீ. தண்டு பொருந்தினால் 1.6 மி.மீ. பின்னது மலிவான தடித்த குழாய். மேல்முனையில் உட்புற உறை பொருத்திய சட்டகங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

பழைய சட்டகத்தைச் சோதித்தல்

பயன்படுத்திய சட்டகம் மலிவானதாயினும் சோதிக்காமல் வாங்குதல் ஆபத்தானது. தலைக்குழாய் இணைப்பு ஓட்டத்தின்போது முறிந்தால் ஓட்டுபவர் முன்புறமாகத் தூக்கியெறியப்படுவார்.

தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய், கீழ்க்குழாய் ஆகியவற்றின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்குப் புடைப்போ, பூச்சில் சுருக்கமோ இருந்தால் வண்டி முன்னால் மோதியது என்று பொருள். பற்றவைப்பு ஓரங்களில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் விரிசலாக இருக்கலாம். பின் அச்சுப் பிடி ஒன்றிலிருந்து தலைக்குழாயைச் சுற்றி மறு பிடி வரை நூலை இழுத்துக் கட்டி, இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தொலைவை இருபுறமும் அளக்க வேண்டும். சில மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் சட்டகம் வளைந்துள்ளது. மிதியச்சுக் கூட்டின் அடியில் பொறித்த எண் அழிக்கப்பட்டிருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கக்கூடும்.

பற்றவைப்பும் பழுதுபார்ப்பும்

எஃகுச் சட்டகத்தின் முதன்மையான நன்மை, அதனைப் பழுதுபார்க்க இயல்வதாகும். திருச்சிராப்பள்ளி இதற்கு ஏற்ற நகரம். திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1965 முதல் இயங்குகிறது. அதன் வளாகத்தில் பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் 1975இல் தொடங்கப்பட்டது. மூட்டற்ற எஃகுக் குழாய் ஆலையும் அங்குள்ளது. துவாக்குடி வட்டாரத்தில் கொதிகலன் பாகங்களைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. கொதிகலன் குழாய்களிலும் குரோமியம்-மாலிப்டினம் எஃகு வகைகள் பயன்படுவதால் அவ்வுலோகம் இங்குள்ள தொழிலாளர்களுக்குப் புதியதன்று.

எனினும் கொதிகலன் குழாய் பல மி.மீ. தடிப்புடையது; சட்டகக் குழாய் 1 மி.மீ.க்கும் மெல்லியதாக இருக்கலாம். சாதாரண மின்வில் பற்றவைப்பு அதில் ஓட்டை விழச் செய்யும். பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் எனப்படும் டிக் முறையோ, பித்தளைப் பற்றாசு வைத்து இணைக்கும் முறையோ ஏற்றது. பற்றவைத்த 4130 எஃகை நீரூற்றிக் குளிர்விக்கக் கூடாது. இணைப்பு கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். அச்சுப் பிடி, சுமைதாங்கித் துளை போன்றவற்றைச் சரிசெய்து பயன்படுத்தலாம். தலைக்குழாய் இணைப்பில் விரிசல் கண்ட மலிவான சட்டகத்தைக் கைவிடுவதே பாதுகாப்பானது.

துருத் தடுப்பு

எஃகின் குறை துருப்பிடித்தல். திருச்சிராப்பள்ளி கடற்கரையில் இல்லாததால் உப்புக் காற்றின் சேதம் இல்லை. ஆயினும் மழையிலும் ஆற்றோரச் சேற்றிலும் ஓட்டும்போது இருக்கைக் குழாய் வழியே நீர் இறங்கி மிதியச்சுக் கூட்டில் தேங்கும். கூட்டின் அடியில் வடிதுளை இருத்தல் நலம். பாகங்களைப் பொருத்துமுன் குழாய்களின் உட்புறம் எண்ணெயோ மெழுகுக் கரைசலோ பூசுதல் வேண்டும். அலுமினிய இருக்கைத் தண்டை எஃகுக் குழாயில் கிரீஸ் தடவாமல் செருகினால், நாளடைவில் இரண்டும் அரித்து இறுகிப் பிரிக்க முடியாதவையாகிவிடும்.

செலவைப் பகிர்தல்

குறைந்த பணத்தில் வாங்குவோர் இரட்டை அதிர்வடக்கியுடன் கூடிய மலிவு வண்டிகளின் தோற்றத்தால் ஈர்க்கப்படுவதுண்டு. அவற்றில் கூடுதல் எடையும் விரைவில் தேயும் மூட்டுகளும் அமைகின்றன. அதே பணத்தில் சரியான அளவுள்ள எஃகு ஹார்ட்டெயில் சட்டகமும், பாதுகாப்பான பிரேக்கும், நல்ல டயரும் பெறுவது நீண்டகாலப் பயன் தரும். குரோமோலி கிடைத்தால் சிறப்பு. கிடைக்காதபோது, அளவு பொருந்திய ஹை-டென்சைல் சட்டகம், அளவு பொருந்தாத குரோமோலிச் சட்டகத்தை விட மேலானது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் சட்டகத்தின் விலையை ஒப்பிடும்போது சுங்க வரியும் அனுப்புச் செலவும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். சட்டகம் சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210இன்படி சோதிக்கப்பட்டதா எனக் கேட்டறிதலும் நன்று.

இவற்றையும் பார்க்க

மிதிவண்டி
எஃகு
பற்றவைப்பு
திருவரங்கம்
கல்லணை