தப்பாகக் கேட்டால் என்ன பதில் வரும்?

லேபில் ஒரு புரோகிராம் எழுதுகிறோம். இரண்டு எண்ணைக் கொடுத்தால் கூட்டித் தருகிறதா? தருகிறது. உடனே ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி மூடிவிடுகிறோம். எண் கேட்கும் இடத்தில் ஒருவன் தன் ஊர்ப் பெயரை அடித்தால் என்ன ஆகும் என்று நாமும் பார்ப்பதில்லை, எக்ஸ்டர்னலும் கேட்பதில்லை. நம் டேபிள் மேல் இருக்கும் கம்ப்யூட்டரோடு போகிறவரை சரி. நெட்வொர்க்கில் ஓடும் சர்வீஸ் என்றால் கதையே வேறு.

ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் மாதிரியான வேலைகளை இன்று ஒரே கம்ப்யூட்டர் செய்வதில்லை. படிவத்தை வாங்க ஒன்று, விவரங்களைச் சேமிக்க ஒன்று, பாங்க்குக்குச் செய்தி அனுப்ப ஒன்று என்று பல சர்வர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு போர்ட்டில், ஆபீஸ் கவுண்டர் மாதிரி, யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கும். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். அப்பாவின் வருமானச் சான்றையும் பாங்க் கணக்கு நம்பரையும் அடித்து அனுப்பியதும் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏம்ப்பா, இதெல்லாம் எங்க போகுது? அங்க பூட்டு கீட்டு இருக்கா?" என்றார். நல்ல கேள்வி. அந்தப் பூட்டைச் சோதிப்பது பற்றித்தான் எழுதுகிறேன்.

1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட ஒரு புரோகிராம், இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் புகுந்துவிட்டது. அது நுழைந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' என்ற சாதாரண சர்வீஸ். அதில் 512 பைட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். புழு அனுப்பியது 536 பைட். மிச்சம் 24 பைட் பக்கத்து மெமரியில் வழிந்து, கம்ப்யூட்டரே புழுவின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. காரணம் என்ன தெரியுமா? அளவு பார்க்காமல் வாங்கும் நம்ம 'கெட்ஸ்' ஃபங்ஷன்! 2011-இல் வந்த சி மொழித் தரத்தில் அதைத் தூக்கியே விட்டார்கள். பழைய புத்தகங்களில் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அதே 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமழை இரவில் போன் லைன் வழியாக வேலை செய்துகொண்டிருந்தார். லைனில் இரைச்சல் புகுந்து கன்னாபின்னா எழுத்துகளாகப் போக, புரோகிராம்கள் பொத்து பொத்தென்று விழுந்தன. அதையே மாணவர்களுக்கு அசைன்மென்ட்டாகக் கொடுத்தார்: குப்பையை அனுப்பு, எது விழுகிறது பார்! 1990-இல் முடிவை வெளியிட்டபோது, சோதித்த யூனிக்ஸ் புரோகிராம்களில் கால் பங்குக்கும் மேல் விழுந்திருந்தன. இந்த முறைக்கு 'ஃபஸ்' என்று பெயர். 1995-இல் மறுபடி செய்தார்கள். அப்போது அவர்கள் சோதித்த நெட்வொர்க் சர்வீஸ் ஒன்றைக்கூட விழவைக்க முடியவில்லை.

அப்பாடா என்று உட்கார்ந்துவிடக் கூடாது. வெறும் குப்பையை வாசலிலேயே தள்ளிவிடுவார்கள். வேட்டி சட்டையோடு வந்து பொய் சொல்பவனை என்ன செய்வது? 2014 ஏப்ரலில் வெளியான 'ஹார்ட்பிளீட்' அந்த ரகம். வெப் சர்வர்கள் ரகசியமாகப் பேசிக்கொள்ள உதவும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில், "உயிரோடு இருக்கிறாயா? இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்" என்று கேட்கும் வசதி உண்டு. சொல்லோடு அதன் நீளத்தையும் சொல்ல வேண்டும். மூன்றெழுத்தை அனுப்பிவிட்டு நீளம் அறுபதாயிரம் என்று ஒருவன் சொன்னால்? சர்வர் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றெழுத்தையும், பக்கத்து மெமரியில் கிடந்த மற்றவர்களின் பாஸ்வேர்டு முதலானவற்றையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. 2012 மார்ச்சிலிருந்து இரண்டு வருடம் இப்படி! கூகுளைச் சேர்ந்த ஒருவரும், ஃபின்லாந்தின் கோடெனோமிகான் கம்பெனியாரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கம்பெனிக்காரர்கள் தங்கள் சோதனைக் கருவியை மேம்படுத்தும்போது அது சிக்கியது.

எனக்கு இதில் உறைத்த விஷயம், சர்வர் விழவே இல்லை என்பது. சிரித்த முகத்தோடு பதில் சொன்னது. ஆகவே விழுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கேட்டதற்கு மேல் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல சர்வர் சேர்ந்த அமைப்பில் "உள்ளே இருக்கும் நம்ம சர்வர்தானே கேட்கிறது" என்று பின்கட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிடுவதும் உண்டு. அதையும் தட்டிப் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் சர்வரில், காலேஜ் சர்வரானாலும், அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் நஷ்டஈடு; மோசடி எண்ணமிருந்தால் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை ஜெயில். வக்கீல் வைக்க நம் வீடுகளில் வசதி ஏது?

சொந்தமாகச் செய்ய ஒரு கம்ப்யூட்டரே போதும். 127.0.0.1 என்ற முகவரி நம் கம்ப்யூட்டரையே குறிக்கும். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் சின்ன சர்வர் ஒன்றை சி-யில் எழுதுங்கள். நீளத்தைக் கூட்டிச் சொல்லுங்கள், பூஜ்யம் என்று சொல்லுங்கள், மைனஸில் சொல்லுங்கள், பாதி செய்தியை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருங்கள். லினக்ஸ் என்றால் ஜி.சி.சி.-யில் 'அட்ரஸ் சானிடைசர்' வசதியைப் போட்டு காம்பைல் செய்யுங்கள். எல்லை தாண்டி மெமரியைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும். இந்த வருடம் எங்கள் பேட்ச் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'தப்பான இன்புட்' என்று தனியாக ஒரு அட்டவணை சேர்க்கப் போகிறோம்.

— மூன்றாமாண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்