சேனையும் சாதாளையும்

புங்குடுதீவில் பிறந்தவர்களுக்குப் புனம் என்பது கதையில் வரும் இடம். கதிர்காமத்து வள்ளி பரணில் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டினாளே, அந்தத் தினைப்புனம். பற்றைக்காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் விதைத்து, விளைச்சல் குறைந்ததும் வேறிடம் நகர்வதுதான் புனம். அது வன்னியில் சேனை, சிங்களத்தில் ஹேன. தமிழ்நாட்டு மலைகளில் கொத்துக்காடு, கன்னடத்தில் குமரி, ஆந்திராவில் போடு, வடகிழக்கு இந்தியாவில் ஜூம், மெக்சிக்கோவில் மில்பா.

ஆடி, ஆவணியில் வெட்டிச் சாய்த்த பற்றை வெயிலில் சருகாகக் காயும். மாரி தொடங்குமுன் தீ வைப்பார்கள். முதல் மழையோடு குரக்கன், சோளம், எள்ளு, பயறு எல்லாம் ஒன்றாக விழும். உழவு இல்லை, எரு இல்லை, பிறகெப்படி விளைகிறது? காட்டின் செல்வத்தில் பெரும்பங்கு மண்ணில் இல்லை, மரத்தில் இருக்கிறது. வேர்கள் ஆண்டுக்கணக்காக உறிஞ்சிச் சேர்த்த பொற்றாசியம், கல்சியம், பொசுபரசு எல்லாவற்றையும் தீ ஒரே நாளில் சாம்பலாக்கி நிலத்தில் இறக்கிவிடுகிறது. நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். மேல்மண்ணில் கிடக்கும் களைவிதைகள் பல கருகிவிடும். இரண்டு மூன்று போகத்தில் சாம்பலின் சத்துத் தீரும், களை மேலோங்கும். அப்போது நிலத்தைக் காட்டிடமே விட்டுவிட்டுப் போவார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் பற்றை மறுபடி செறிந்திருக்கும்.

அந்த ஓய்வும் வேளாண்மைதான். ஆனால் இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட முடியாத சேனை நிலத்தை அரசுடைமை என்றே கொண்டது. உறங்கிக்கொண்டிருந்த வயலைப் பாழ்நிலம் என்று எழுதியது பெரும் அநியாயம்.

எங்கள் தீவிலோ நகர்ந்துபோகக் காடில்லை. மண்வெட்டி கொஞ்சம் ஆழம் போனாலே சுண்ணக்கல்லில் இடிக்கும். நாலு பக்கமும் கடல். வயல் நகர முடியாததால் வளம் வயலைத் தேடி வந்தது. கரையொதுங்கிய சாதாளை என்னும் கடற்தாவரத்தை அள்ளிக் குவித்து, மழையில் உப்புக் கழுவவிட்டு மண்ணில் சேர்ப்பார்கள். பூவரசங்குழை வெட்டித் தாழ்ப்பார்கள். புதிதாக வேலி அடைத்தால் கழற்றிய பழைய பனையோலை குப்பைக்குப் போகாது. அந்த ஓலையைத் துண்டாக்கிக் கிடங்கில் அடுக்கி மண் மூடுவார்கள். அது மெல்ல மக்கி, கோடையில் வேருக்கு ஈரம் காக்கும்.

இரவில் மாட்டையும் ஆட்டையும் தோட்டத்துக்குள்ளே பட்டி அடைப்பார்கள். ஒரு துண்டில் சாணமும் மூத்திரமும் போதிய அளவு விழுந்ததும் கட்டைகளைப் பிடுங்கி அடுத்த துண்டில் ஊன்றுவார்கள். தீவில் இடம்பெயர்ந்தது அந்தப் பட்டிதான்.