உங்களுக்குத் தெரியுமா? மலையடியில் முகாம் போடுமுன்...

● திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை இன்று நாலைந்து மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். ரமண மகரிஷியும் அன்பர்களும் அதற்கு இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொண்டது உண்டு. வழியில் சமைத்துச் சாப்பிட்டு, அடி அண்ணாமலை போன்ற இடங்களில் தங்கி, மெல்ல நடந்தார்கள். 1926-ஓடு மகரிஷி கிரிவலம் செல்வதை நிறுத்திக்கொண்டார். இளைஞர் குழுக்கள் மலையடியில் தங்கும் வழக்கத்துக்கு அந்த நிதான நடையைவிட நல்ல முன்னோடி எனக்குத் தெரியவில்லை.

● 2,669 அடி உயர மலை முழுக்கக் காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் மேலே ஏறக் கூடாது. ஆகவே கூடாரம் அடிப்பது ஊருக்குள்தான்: பள்ளி மைதானத்திலோ, அறுவடை முடிந்த வயலிலோ, உரியவரிடம் கேட்டுக்கொண்டு.

● மலைச்சரிவில் எலுமிச்சைப் புல் மண்டிக் கிடக்கிறது. கிள்ளி முகர்ந்தால் மணக்கும். அந்த மணத்தைத் தரும் எண்ணெய்தான் கோடையில் எமன். பொங்கல் கழிந்து பனி விலகியதும் புல் காய்ந்துவிடும். ஒரு பீடித் துண்டு போதும், சரிவே பற்றிக்கொள்ளும். ‘தி ஃபாரஸ்ட் வே’ அமைப்பினர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நாட்டு மரக்கன்றுகளை இங்கே நடுகிறார்கள். நட்டதோடு வேலை முடிவதில்லை. புல்லை அகலமாகச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும், வெயில் காலம் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். பல வருட உழைப்பு ஒரே பிற்பகலில் கரியாகிவிடும். அதனால் கேம்ப் ஃபயர் வேண்டவே வேண்டாம் என்பதே என் கட்சி. பாட்டுக்கும் கதைக்கும் ஒரு சோலார் விளக்கு போதும். சமையலுக்குக் கேஸ் அடுப்பு, அதுவும் புல் இல்லாத வெறுந்தரையில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு.

● காட்டுத்தீ கீழிறங்குவதைவிட மேலேறும்போதுதான் வேகம் அதிகம். அடியில் எரியும் தழலே மேலே நிற்கும் புல்லைச் சூடாக்கித் தயாராக வைத்துவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்வெளிச் சரிவில் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் இளம் வயதினர். புகை தெரிந்தால் புல்லுக்குள் ஓடாதீர்கள், மேட்டை நோக்கியும் ஓடாதீர்கள். பாறையையோ வெறுந்தரையையோ தேடுங்கள்.

● அந்தத் துயரத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 வழிகளோடு தொடங்கியது. வனத்துறையின் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருகிறார்கள். தீப்பருவத்தில் வழிகள் மூடப்படும்.

● கோடையில் தீ என்றால் கார்த்திகையில் மழை. ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சரிவின் காலடியிலோ ஓடைத் தடத்திலோ கூடாரம் வேண்டாம். தடம் வறண்டு கிடந்தாலும் வேண்டாம்.

● கழிப்பறை இல்லாத இடமா? ஏரி, குளம், கிணற்றிலிருந்து 200 அடி தள்ளி, சுமார் 70 தப்படி நடந்து, 6 முதல் 8 அங்குல ஆழம் தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூட வேண்டும். நாப்கினைப் புதைக்கக் கூடாது. பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். பெண் பிள்ளைகள் வரும் முகாமில் இதை முதல் நாளே ஓர் அக்கா வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பாத்திரத்தையும் குளத்தில் கழுவாதீர்கள். தண்ணீர் மொண்டு வந்து தள்ளிக் கழுவுங்கள்.

● குரங்குக்கு பிஸ்கட் கொடுப்பது அன்பு இல்லை. அடுத்த குழுவின் பையை அது பறிக்கும், கடிக்கும், பிறகு ‘தொல்லைக் குரங்கு’ என்று கூண்டில் பிடிபடும்.

● மலையில் திரியும்போது ஒருமுறை ரமணரின் கால் புதரில் இருந்த குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. குளவிகள் மொய்த்துக் கொட்டின. அவற்றின் வீட்டைக் கலைத்தது தன் கால்தானே என்று அவர் அசையாமல் நின்றார். நம் பிள்ளைகள் நிற்க வேண்டாம், உடனே விலகி ஓடட்டும். ஆனால் குச்சியால் புதரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடட்டும்.

● நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டில் பிறந்தது. அதன் ஏழு நாள் முகாம்தான் நம் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு ஊர்ப்புறத்தில் தங்கிய முதல் அனுபவம். மலையடிக்கு வரும் குழுக்கள் ஒருநாளைத் தீத்தடுப்புக் கோடு செதுக்க ஒதுக்கலாமே! வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும்.

● பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். முகாமிலிருந்து அங்கே போக எத்தனை நிமிடம் என்பதைக் கூடாரம் அடிக்கும் முன்பே பார்த்து, எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.