உங்களுக்குத் தெரியுமா? மதுவும் மரபும் குழந்தையின் கவனமும்

கர்ப்பிணி அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் குருதியில் கலக்கிறது. அதைச் சிதைக்கும் ஆற்றல் கருவின் முதிராத கல்லீரலுக்குப் போதாமையால், வளரும் மூளை பாதிப்புக்கு உள்ளாகிறது.

இதனால் விளையும் முகத்தோற்ற மாற்றம், வளர்ச்சிக் குறைவு, நரம்பு மண்டலக் கோளாறு ஆகியவற்றை, 1968இல் பிரெஞ்சு மருத்துவர் பால் லெமுவான் 127 குழந்தைகளிடம் கண்டு விவரித்தார். 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் அதற்குக் ‘கருநிலை மது நோய்த்தொகுப்பு’ எனப் பெயரிட்டனர்.

கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. கோளாறு இக்குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படினும், பொதுவாக அக்கோளாறு தோன்றுவதில் மனிதரிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 74 விழுக்காடு மரபுவழிப்பட்டது என இரட்டையர் ஆய்வுகள் காட்டுவதால், அக்கோளாறுள்ள குழந்தையைக் கண்டதும் தாயைப் பழிப்பது அறிவியலுக்கும் அறத்துக்கும் புறம்பானது. எனினும், கர்ப்பகாலத்தில் பாதுகாப்பான மது அளவு என எதுவும் அறியப்படாமையால், அதை முற்றாகத் தவிர்ப்பதே தகும்.