சட்டி பெருசா இருந்தா சேனல் நிறைய வருமா?

மேன்ஷன் ரூமில் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு டி.வி. வாங்கியாச்சு. அடுத்தது டிஷ்! உடனே ஆளுக்கொரு ஐடியா. "பெரிய சட்டியா போடு மச்சி, உலகத்துல இருக்கற எல்லா சேனலும் வரும்" என்பார் ஒருவர். "அந்தக் கம்பெனி டிஷ்ஷுக்குத்தான் பவர் ஜாஸ்தி" என்பார் இன்னொருவர். கடைசியில் கடைக்காரர் சொல்வதே வேதவாக்கு. பர்ஸ் காலி!

கொஞ்சம் பொறுங்க பாஸ். டிஷ்ஷைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொண்டால் காசும் மிச்சம், ரூமில் கெத்தும் நிச்சயம்.

சட்டிக்குள்ள என்ன இருக்கு?

ஒண்ணுமே இல்லை! டிஷ் என்பது வெறும் கண்ணாடி மாதிரி. மேலிருந்து வரும் சிக்னலை வாங்கி ஒரே புள்ளியில் குவிப்பது மட்டும்தான் அதன் வேலை. குவியும் இடத்தில் ஒரு குட்டி டப்பா நீட்டிக்கொண்டு நிற்கிறதே... அதுதான் எல்.என்.பி. வந்த சிக்னலை ஊதிப் பெரிதாக்கி, கேபிளில் ஓடக்கூடிய அளவுக்கு அலைவரிசையைக் குறைத்துக் கீழே அனுப்புவது இவர்தான். அதைப் படமாகவும் பாட்டாகவும் பிரித்துத் தருவது செட்டாப் பாக்ஸ்.

சாட்டிலைட் இருப்பது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். அந்த உயரத்தில் பூமி சுற்றும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றுவதால், நமக்கு அது வானத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். இப்படி நிற்கும் சாட்டிலைட்டுகளை வைத்து உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்பாடு இலங்கையிலேயே செட்டிலாகிவிட்ட அதே சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர்தான்.

பெரிய சட்டி... சி-பேண்ட்

கேபிள் ஆபரேட்டர் வீட்டு மொட்டைமாடியில் 8 அடி, 12 அடியில் நிற்குமே, அது சி-பேண்ட் டிஷ். இதில் வரும் சிக்னல் சுமார் 4 ஜிகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். அலை நீளமாக இருந்தால் அதைக் கூர்மையாகக் குவிக்கப் பெரிய சட்டி வேண்டும். அதோடு, சி-பேண்ட் சாட்டிலைட்டுகள் பல நாடுகளுக்கும் சேர்த்துச் சிக்னலைத் தூவுவதால், நம் மாடிக்கு வந்து சேர்வது கொசுறுதான்!

சில டிஷ் வலை மாதிரி ஓட்டையாக இருக்குமே, சிக்னல் ஒழுகிடாதா? ஒழுகாது. ஓட்டை அலைநீளத்தைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் சிக்னலுக்கு அது முழுத் தகடுதான். காற்று மட்டும் உள்ளே புகுந்து போய்விடும். புயலுக்கும் சட்டி தாங்கும். 1975-76-ல் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து 'சைட்' என்ற திட்டத்தில் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள். அப்போது கிராமங்களில் நிறுத்தியது கோழி வலையில் செய்த 10 அடி டிஷ்கள்!

1991 வளைகுடாப் போரின்போது நம்ம ஊர் பெரிய ஹோட்டல்களில் சி.என்.என். பார்த்ததும், 1993 ஏப்ரல் 14-ல் தொடங்கிய சன் டி.வி. கேபிள் வழியே வீடுகளுக்கு வந்ததும் இந்தப் பெரிய சட்டிகளின் புண்ணியம்தான்.

சின்ன சட்டி... கே.யு. பேண்ட்

வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டிருக்கும் 60 செ.மீ. டிஷ் இது. சிக்னல் சுமார் 11, 12 ஜிகாஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதால், அதே கூர்மைக்குச் சட்டியின் அகலமும் மூன்றில் ஒரு பங்கு போதும். சிக்னலும் நம்ம நாட்டை மட்டும் குறிவைத்துப் பலமாக வருகிறது.

இந்தச் சின்ன சட்டிக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்கும் உண்டு. 1997 ஜூலையில் இந்த வகை டி.டி.எச். ஒளிபரப்புக்கு மத்திய அரசு தடை போட்டது. 2000 நவம்பரில் தடை நீங்கியது. 2003-ல் டிஷ் டி.வி., 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் டி.டி. டைரக்ட் ப்ளஸ், 2006-ல் டாடா ஸ்கை என்று வரிசையாக வந்தார்கள்.

பலவீனம் ஒன்றே ஒன்று... மழை! குட்டி அலைகளை மழைத்துளிகள் சுலபமாக விழுங்கிவிடும். 'சூப்பர் ஓவர்' நேரத்தில் திரை உறைந்து போவதன் ரகசியம் இதுதான். 60-க்குப் பதில் 90 செ.மீ. சட்டி போட்டால் பரப்பளவு இரண்டே கால் மடங்காகும். மழைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால், ஒரு சேனல்கூட அதிகமாக வராது!

மாடியில நின்னு பாருங்க

அப்போ சேனலை முடிவு செய்வது எது? முதல் விஷயம், சட்டி எந்த சாட்டிலைட்டைப் பார்க்கிறது என்பது. சென்னையில் ஒரு மொட்டைமாடி ஏறிச் சுற்றிப் பாருங்கள். டாடா ப்ளே சட்டி கிட்டத்தட்ட நேர் தெற்கே பார்க்கும். அதன் சாட்டிலைட் 83 டிகிரி கிழக்கில். சன் டைரக்ட், டி.டி. ஃப்ரீ டிஷ் சட்டிகள் தென்கிழக்கே 93.5 டிகிரியைப் பார்க்கும். ஏர்டெல் இன்னும் கிழக்கே சாய்ந்து 108.2 டிகிரியைத் தேடும். பெயரைப் படிக்காமலே 'இது இந்தக் கம்பெனி'னு சொல்லி ஃப்ரெண்ட்ஸை அசத்தலாம்!

60 செ.மீ. சட்டியின் பார்வை சுமார் 3 டிகிரி அகலம்தான். கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி சாட்டிலைட்டில் மின்சக்திக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்கள் நின்றுபோயின. அதிலிருந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருக்கும் மீசாட்-3-க்கு மாறியது. வெறும் 2 டிகிரி வித்தியாசம். அதற்கே மாடிகளில் சட்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று.

சாவி யார் கையில?

சிக்னல் எல்லோர் மாடியிலும்தான் கொட்டுகிறது. பூட்டு இருப்பது பாக்ஸில். கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்டே வருகின்றன. நீங்கள் சந்தா கட்டினால்தான் அந்தப் பூட்டு திறக்கும். 2019 பிப்ரவரியில் டிராய் விதி மாறிய பிறகு, சேனல் சேனலாக விலை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நம் கையில். கம்பெனி தள்ளிவிடும் 'பேக்'கை அப்படியே வாங்க வேண்டியதில்லை.

மாசச் சந்தாவே வேண்டாமா? பழைய டி.டி. டைரக்ட் ப்ளஸ்தான் இன்றைய டி.டி. ஃப்ரீ டிஷ். சட்டிக்கும் பாக்ஸுக்கும் ஒரே ஒரு முறை செலவு, அவ்வளவே. பொதிகை என்று நாம் பார்த்த, 2024-ல் டி.டி. தமிழ் ஆன சேனல் இதில் உண்டு. தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால், நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இதற்குள் இருக்கிறது. 2017 ஜூலையில் 32 சேனல்களோடு தொடங்கிய 'ஸ்வயம் பிரபா'. இன்ஜினீயரிங், அறிவியல், காமர்ஸ், கலைப் பாடங்கள் எல்லாம் நாள் முழுக்க ஓடும். டேட்டா பேக் தீர்ந்தாலும், ஊரில் டவரே எடுக்காவிட்டாலும் வகுப்பு நிற்காது. நெட் வசதி இல்லாத வீட்டில் படிக்கும் தம்பி, தங்கைக்கு இதைவிட மலிவான டியூஷன் சென்டர் ஏது?

டிஷ் டிப்ஸ்

* கம்பெனி மாறினால் புது டிஷ் வாங்கியே ஆகணும்னு இல்லை. பழைய சட்டி சொந்தமாக வாங்கியதென்றால் அதையே திருப்பி வைக்கலாம். எல்.என்.பி.யும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மாற்ற வேண்டியது பாக்ஸைத்தான்.

* தென்கிழக்கே மரமோ, பக்கத்து பில்டிங்கோ மறைக்குதா? பணம் கட்டும் முன் பார்த்துடுங்க. சட்டியின் முகம் காட்டும் திசையைவிட 20, 25 டிகிரி மேலேதான் அதன் பார்வை இருக்கும். அந்தக் கோட்டில் எதுவும் குறுக்கே வரக்கூடாது.

* பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சாட்டிலைட்டை ஒரே சட்டியில் இரண்டு எல்.என்.பி. மாட்டிப் பிடிக்கலாம்.

* மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி - அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள் பகலில் சில நிமிஷம் படம் போகும். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வருவதுதான் காரணம். சட்டியைத் தொடாதீங்க. தானா சரியாயிடும்!

* "பெரிய சட்டி போட்டா பே சேனல் எல்லாம் ஃப்ரீ" என்று யாராவது சொன்னால்... ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. நஷ்டம் டீயோட போகட்டும்!