சிமுலேட்டரில் சில அடிகள் பிசகினால்...?

புது தில்லி: போதிய அனுபவமுள்ள விமானி வேறு ரக விமானத்துக்கு மாறும்போது, மிக உயர்ந்த "டி" நிலைத் தகுதி பெற்ற சிமுலேட்டரிலேயே அதற்கான பயிற்சியை முடிக்க விதிகள் இடமளிக்கின்றன. பின்னர் அந்த ரக விமானத்தை அவர் முதன்முறையாகத் தரையிறக்கும்போது, பின்னிருக்கைகளில் பயணிகள் இருக்கக்கூடும்.

எனவே சிமுலேட்டரின் துல்லியம் பொறியாளர்களின் கவலை மட்டுமன்று. பயணிகளின் உயிர் சார்ந்ததும் ஆகும்.

புள்ளிகளின் கணக்கு: கணினியில் உருவாகும் விமானத்துக்கு ஓர் ஆதாரப் புள்ளி உண்டு. ஈர்ப்பு மையம், சக்கரங்கள் தரையைத் தொடும் இடம், விமானியின் கண் இருக்கும் இடம் ஆகியவை அப்புள்ளியிலிருந்து எத்தனை அடி முன்னே, பின்னே, மேலே, கீழே உள்ளன என்று அளந்து குறிக்கப்படுகின்றன. ஆதாரப் புள்ளியை மட்டும் நகர்த்தி, மற்ற அளவுகளைத் திருத்தாமல் விட்டால், திரையில் சக்கரங்கள் தரைக்குள் புதையும். அல்லது விமானம் அந்தரத்தில் நிற்கும்.

இது உடனே கண்ணில் படும் பிழை. எளிதில் புலப்படாத பிழைகளே ஆபத்தானவை. விமானியின் கண் உயரம் உண்மையைவிடக் குறைவாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதில் பழகியவர் நிஜ விமானத்தின் மூக்கைத் தாமதமாக உயர்த்துவார். சக்கரங்கள் தரையில் மோதும். கூடுதலாக இருந்தால் முன்கூட்டியே உயர்த்துவார். விமானம் மிதந்து சென்று ஓடுபாதையின் நீளத்தை விழுங்கிவிடும்.

குன்றின் மேல் ஓடுபாதை: மங்களூரு, கோழிக்கோடு போன்ற மேட்டுநில ஓடுபாதைகளில் அந்த நீளமே உயிர். 2020 ஆகஸ்ட் 7-ல் கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஏறத்தாழப் பாதி ஓடுபாதையைக் கடந்த பின்னரே தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தனர். விதிமுறைகளைப் பின்பற்றாமல் தரையிறக்கத்தைத் தொடர்ந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என விசாரணை அறிக்கை கூறியது; சிமுலேட்டரை அல்ல. எனினும், இத்தகைய இடங்களில் பிழைக்கு எவ்வளவு குறைந்த இடமே உள்ளது என்பதை அவ்விபத்து உணர்த்தியது.

சான்று சடங்கல்ல: கடினமான விமான நிலையங்களுக்கான பயிற்சியில் தகுதி பெற்ற சிமுலேட்டர்களைப் பயன்படுத்தத் தவறியதாகக் கூறி, இண்டிகோ நிறுவனத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ரூ. 20 லட்சம் அபராதம் விதித்த விவரம் 2025 அக்டோபரில் வெளியானது. 

சிமுலேட்டரின் செயல்பாட்டை நிஜ விமானத்தின் பறத்தல் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே தகுதிச் சான்று வழங்கப்படுகிறது. அச்சோதனை வெறும் கோப்பு வேலையாகிவிடாமல் காப்பது அரசின் கடமை. அதில் தவறும் சில அடிகளுக்கான விலையைக் கொடுக்கப்போவது பயணிகளே.